பிளஸ் ஒன் கணக்குக்கு வைகை அணை போதும்

பிளஸ் ஒன்னில் வகையீடு (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) ஆரம்பித்தால் பெரும்பாலான வகுப்புகளில் என்ன நடக்கிறது? போர்டில் வரையறை, அடியில் சூத்திரம், அப்புறம் எடுத்துக்காட்டுக் கணக்கு வரிசையாக. சைன் எக்ஸை வகையிட்டால் காஸ் எக்ஸ் என்று பிள்ளை தூக்கத்திலும் சொல்லும், அதற்கு என்ன அர்த்தம் என்றால் முழிக்கும். சூத்திரத்தை முதலில் வைப்பதுதான் கோளாறு என்பது உசிலம்பட்டிப் பக்கம் கணக்கு எடுக்கிற என்னுடைய கட்சி.

71 அடி வைகை அணையின் நிலவரம் தினமும் பேப்பரில் வருகிறது: நீர்மட்டம் எத்தனை அடி, விநாடிக்கு வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை. அந்த அணையிலிருந்து எங்கள் பக்கம் வரும் 58 கிராமக் கால்வாயில் இந்த வருடம் தண்ணீர் விடுவார்களா என்பது இங்கே வீட்டுப் பேச்சு, அதனால் பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். நேற்று வரத்து 3000 கன அடி, இன்று 2000, இரண்டு நாளும் வெளியேற்றம் 1000. இன்று நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா?

முதலில் பேசாமல் நோட்டில் எழுத வேண்டும். நிறையப் பேர் 'இறங்கும்' என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் வேறு பதில் எழுதியவரோடு சண்டை போடச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன் (வாத்தியாருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை). "வரத்து குறைஞ்சிருச்சுல்ல?" "குறைஞ்சாலும் போறதை விட வர்றது கூடத்தானடா!" வகைக்கெழு (மட்டம் ஏறும் வேகம்) குறைவது வேறு, சார்பு (மட்டம்) குறைவது வேறு என்பது அந்த இடத்தில் பிடிபட்டுவிடும். அடுத்து, இதே தண்ணீர் வந்தால் 40 அடியில் வேகமாக ஏறுமா, 68 அடியிலா? மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிகிறது, ஏற்றம் மந்தமாகிறது. தண்ணீரின் அளவு நேரத்தோடும், மட்டம் அந்த அளவோடும் மாறுகிறது; இப்படித் தொடராக மாறுவதன் வேகங்களைப் பெருக்கும் சங்கிலி விதியை இங்கிருந்தே எடுக்கலாம். தொகையீடும் (கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைக் கூட்டுவது) இதில் இருக்கிறது: நிகரமாக விநாடிக்கு 1000 கன அடி ஒரு நாள் முழுக்க நின்றால் 86,400 விநாடிக்கு 8.64 கோடி கன அடி.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991-லேயே இயற்பியல் வகுப்பில் இப்படிக் கேள்வி போட்டு மாணவர்களை ஒருவரோடொருவர் விவாதிக்க விட்டவர். 2014-ல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட கல்லூரி வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களும் வேலை செய்த வகுப்புகளில் 21.8. நம்முடையது பள்ளிக்கூடம், 90 மார்க் தாள் வேறு, அந்த எண் அப்படியே இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. சூத்திரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கையொடியப் போட்டுப் பழகத்தான் வேண்டும். ஆனால் 'போர்ஷன் முடியாது சார்' என்பவர்களுக்கு, மேலே சொன்ன முதல் கேள்விக்கு ஆவது கால் பீரியடுதான்.

ஒன்று மட்டும் நடக்கும், தயாராக இருங்கள்: "சார் பாடமே நடத்த மாட்டேங்கிறாரு" என்று வீட்டில் புகார் போகும். 2019-ல் ஹார்வர்டிலேயே இதைச் சோதித்தார்கள், இப்படிப் படித்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் நினைத்தார்கள். அதனால் நான் அந்த முதல் பதில் எழுதிய நோட்டைத் திருத்தவோ அடிக்கவோ விடுவதில்லை, பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், பிள்ளை முதலில் என்ன நினைத்தது என்று எடுத்துக் காட்டிவிடுவேன்.