கர்னாக்குக்கு அரை மணி, கல் கடைக்கு ஒன்றரை மணியா?

எகிப்துக்கு டூர் போய் வந்தவர்கள் யாரிடமாவது பேசிப் பாருங்கள். பாப்பிரஸ் என்கிற கோரைத் தாள் கடை, அலபாஸ்டர் என்கிற வெளிர் கல்லில் செய்த ஜாடி விற்கிற கடை, அத்தர் கடை, பருத்தித் துணிக்கடை என்று நாலு கடைக் கதை கட்டாயம் வரும். ‘பிரமிடுக்கு உள்ளே போனீங்களா?’ என்றால் மட்டும் ‘டைம் இல்லைன்னுட்டாங்க’ என்பார்கள். நாலாயிரத்து ஐந்நூறு வருஷமாக நிற்கிற கட்டடத்துக்கு டைம் இல்லை, அத்தர் கடையில் உட்கார டைம் இருக்கிறது! திரும்பி வந்து பல நாள் ஆகியும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

எங்களை ஹுர்காதாவில் செங்கடல் ஓரம் ஒரு ரிசார்ட்டில் தங்க வைத்தார்கள். கடல் அருமை, குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து, பழங்காலக் கோயில்களும் கல்லறைகளும் நிறைந்த நைல் கரை ஊரான லக்சருக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர், போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். விடிவதற்கு முன்னால் எழுப்பி, கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திணித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். தூக்கம் போனால் போகட்டும், லக்சரைப் பார்க்கப் போகிறோமே என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

லக்சரில் முதலில் கர்னாக் கோயில். அதன் பெரிய தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடு வரிசைத் தூண்கள் 21 மீட்டர் உயரம், ஏழு மாடிக் கட்டடம் மாதிரி. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், மேலே வெயில் படாத உத்தரக் கல்லின் அடிப்பக்கத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்களோடு வந்த மதுரைக்கார அம்மா ஒருவர்தான் முதலில் அதைக் கண்டுபிடித்தார். ‘தம்பி, அங்க பாரேன், மேல கலர் தெரியுது’ என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் விரல் நீட்டிய இடத்தை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ‘யல்லா, யல்லா’ என்று கைதட்டல். நேரமாகிவிட்டதாம், கிளம்பணுமாம். மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. பல அரசர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டே போன கோயில் அது.

நைல் நதியைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனோம். அரசர்களின் பள்ளத்தாக்கில் சாதாரண டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். கல்லறைக்குள் கைடு நின்று விளக்கம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. கூட்டம் தேங்கக் கூடாது, சுவர் ஓவியம் கெடக் கூடாது. நியாயமான விதிதான். அப்படியானால் வெளியில் நிழலில் நிறுத்தி நிதானமாகச் சொல்லி அனுப்ப வேண்டுமா இல்லையா? அதற்கும் நேரம் தரவில்லை. எந்தச் சுவரில் யார், என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாமல் உள்ளே போய் வெளியே வந்தோம்.

அடுத்தது ஹட்செப்சுட் அரசியின் கோயில். என் ரத்தம் கொதித்தது இங்கேதான். 3,500 வருஷத்துக்கு முன் அந்த அரசி செங்கடல் வழியாகப் புந்த் என்கிற பழைய நாட்டுக்குக் கப்பல் அனுப்பிய கதை அங்கே சுவரில் செதுக்கி இருக்கிறது. வாசனைப் பிசின் மரங்களை வேரோடு பிடுங்கி, கூடையில் வைத்து, ஆட்கள் தோளில் சுமந்து கப்பலில் ஏற்றுகிற காட்சி. கப்பலுக்குக் கீழே தண்ணீரில் நீந்துகிற மீன்களைக்கூட விடாமல் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி. அதைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ‘இது போட்டோ ஸ்டாப் மட்டும்தான்’ என்றார்கள். பார்க்கிங்கில் நின்று தூரத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறணும். அவ்வளவுதான் ஹட்செப்சுட்!

அங்கிருந்து நேராக அலபாஸ்டர் கடை. வாசலில் நாலு பேர் தரையில் உட்கார்ந்து கல்லைக் குடைந்துகொண்டிருப்பார்கள், பஸ் நின்ற பிறகுதான் உளியே அசையும். உள்ளே கூட்டிப்போய் விளக்கை அணைத்து, ஜாடிக்குள் பல்பை விட்டு, கல் எப்படி மின்னுகிறது என்று காட்டுவார்கள். இது கையால் செய்தது, அது மெஷினில் செய்தது என்று நீண்ட பாடம். செம்பருத்தி டீ வரும். இந்தியா என்று தெரிந்ததும் ‘அமிதாப் பச்சன்!’ என்று தோளில் கை போடுவார்கள். ஒருவர் சொல்கிற விலையை அடுத்தவர் பாதியாக்குவார், அதையும் இன்னொருவர் பாதியாக்குவார். இப்படியே ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து பஸ்ஸில் உட்காரலாம் என்றால் பஸ் பூட்டிக் கிடக்கிறது, டிரைவரைக் காணோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வெயிலில் எங்கே போவார்கள்? திரும்பக் கடைக்குள்ளேதான் போகணும். அதற்காகத்தானே பூட்டினார்கள்!

அந்த மதுரை அம்மா கைடிடம் கேட்கச் சொல்லி என்னிடம் கேட்டார்: ‘தம்பி, கோயில்ல இருக்க விடாம ஓட்டிட்டு வந்து இங்க எதுக்குப்பா உக்கார வச்சிருக்காங்க?’ இதைவிடச் சரியாக யாரும் கேட்க முடியாது. நான் கேட்டேன்.

அந்தக் கைடு எகிப்தியல் படித்து, அரசு உரிமம் வாங்கியவர். காலையில் கர்னாக் சுவரில் இருந்த சித்திர எழுத்தில் ராம்செஸின் பெயரை விரல் வைத்துப் படித்துக் காட்டினார். ஹட்செப்சுட் செத்த பிறகு மூன்றாம் துத்மோஸ் காலத்தில் அவள் பெயரை எப்படிச் செதுக்கி எடுத்தார்கள் என்று பஸ்ஸில் சொன்னபோது அவர் குரலே மாறிப்போனது. அவ்வளவு தெரிந்த மனுஷர், அவ்வளவு ஆசையாகப் பேசுகிறவர், கடை வாசலில் கணக்கப்பிள்ளை மாதிரி தலை எண்ணிக்கொண்டு நிற்கிறார். நான் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. ‘டூர் கம்பெனி எனக்குத் தருவது பெட்ரோலுக்குக் காணாது. கடை தருவதுதான் என் சம்பளம்’ என்றார். 2011 புரட்சிக்குப் பிறகு டூரிஸ்டுகள் வராமல் போனது, கொரோனா, 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலருக்கு 31 எகிப்தியப் பவுண்டு என்பது 50-ஐத் தொட்டது, எல்லாம் சேர்ந்து அவர் தலையில் விழுந்திருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் கோபமெல்லாம் நம்ம ஊரில் உட்கார்ந்து இதை விற்கிறவர்கள் மேல்தான். அடக்க விலைக்கும் கீழே ஒரு ரேட்டைப் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். அங்கே பஸ் ஓட்டுகிறவனுக்கும் கைடுக்கும் கொடுக்க அந்தக் காசு போதாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மிச்சத்தை நம் நேரத்தை விற்று ஈடுகட்டுகிறார்கள். கர்னாக்கில் எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரத்தைக் கல் கடைக்காரனுக்கு விற்றுவிட்டான் இங்கே இருக்கிறவன், என்னிடமும் பணம் வாங்கிக்கொண்டு! திருட்டுக்கு வேறு என்ன பெயர்?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் ‘பாப்பிரஸ் மியூசியம் விசிட்’ என்று போட்டிருந்தார்கள். கெய்ரோவில் போய்ப் பார்த்தால் கடை. தண்டின் தோலை உரித்து, பட்டை பட்டையாக நறுக்கி, ஊறவைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திக் காட்டுவது ஐந்து நிமிடம், மீதி நேரமெல்லாம் விலைப் பேச்சு. பாப்பிரஸ் செடியே எகிப்தில் அநேகமாக அழிந்துபோன நிலையில், ஹசன் ரகப் என்கிற பொறியாளர் 1960-களில் அதைத் திரும்பப் பயிரிட்டு, தாள் செய்யும் முறையையும் மீட்டெடுத்தார். அந்த மனிதரின் உழைப்பைப் பற்றி அந்தக் கடையில் ஒரு வார்த்தை இல்லை. என் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதித் தர எவ்வளவு என்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

இதைக் கேட்க ஊருக்கு வந்ததும் ஏஜெண்டுக்கு போன் போட்டேன். ‘எல்லா கம்பெனியும் அப்படித்தான் சார் பண்றாங்க. நீங்க வாங்க வேண்டாமே, சும்மா உக்காந்திருக்கலாமே’ என்கிறார். சும்மா உட்காரவா அவ்வளவு தூரம் போனேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹுர்காதாவிலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் குசெய்ர். அந்த ஊருக்கு எட்டு கிலோமீட்டர் வடக்கே பழைய ரோமானியத் துறைமுகம் இருந்த இடத்தில் ‘பானை ஒறி’ (பானை வைக்கிற உறி) என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. அதற்கும் தெற்கே பெரெனிகே என்கிற இன்னொரு பழைய துறைமுகத்தில் கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு. நம் கடற்கரையிலிருந்து போன சரக்கு அங்கே இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் ரோமுக்கும் போயிருக்கிறது. குசெய்ரில் இன்று பார்க்க மண்மேடுதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ் நிறையத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு அந்தச் செங்கடல் ஓரத்தில் போகும்போது, இந்தக் கதையை மைக்கில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? பட்டியல் போட்ட யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னபோது பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எகிப்து போகிறவர்கள் தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன் சண்டை போடுங்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், உள்ளே போகிறோமா, வெளியே நின்று போட்டோவா, டிக்கெட் யார் பொறுப்பு, ‘மியூசியம்’, ‘ஃபேக்டரி’, ‘இன்ஸ்டிட்யூட்’ என்று போட்டிருப்பதெல்லாம் கடையா இல்லையா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்கே போகாத டூருக்கு எவ்வளவு கூட ஆகும் என்று கேளுங்கள், கைடுக்கு ஒழுங்கான சம்பளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். லக்சரை ஒரே நாளில் முடிக்கலாம் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். அங்கே ராத்தங்க வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் மேற்குக் கரை, சாயங்காலம் கர்னாக். அதற்கு ஒத்துக்கொள்ளாதவனிடம் ஒரு ரூபாய் முன்பணம் கட்டாதீர்கள்.