ஆயில் கேனைத் திருப்பிப் பாருங்கள்

டீசல் வண்டிக்கு இன்ஜின் ஆயில் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி வேணும்?" என்னைப் பொறுத்தவரை அது கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். வாரண்டி என்று வந்துவிட்டால், கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீடுதான் நமக்காகப் பேசும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 (அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சர் பக்கம் டி.பி.எஃப் என்ற வடிகட்டி உண்டு. அதில் படியும் கரியை வண்டி ஓட்டத்திலேயே எரித்துவிடும். ஆனால் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் மாதிரியானவை எரிந்து சாம்பலானால், அந்தச் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஏ.சி.இ.ஏ என்ற ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகள் சங்கத்தின் சி3 தரத்தில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஏ.பி.ஐ என்ற அமெரிக்க அமைப்பின் சி.கே-4 தரத்தில் 1 சதவீதம்.

"15டபிள்யூ-40 ஊத்துங்க, கெட்டியா இருந்தாத்தான் இன்ஜின் தாங்கும்" என்பார் தெருமுனை மெக்கானிக் அண்ணன். ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண் அது. பழைய பி.எஸ்.3 வண்டிக்கு அவர் சொல்வது சரி. ஆனால் மேனுவலில் 5டபிள்யூ-30, சி3 என்று போட்டிருக்கும் வண்டியில் அதை ஊற்றினால், நாளை டி.பி.எஃப் அடைத்துக்கொள்ளும்போது வாரண்டியை மறுக்க நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். கேனில் 'அப்ரூவல்' என்று இருந்தால் வண்டிக் கம்பெனி ஒப்புதல் தந்திருக்கிறது என்று பொருள். 'மீட்ஸ்', 'சூட்டபிள்' என்று இருந்தால் அது ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. மேனுவல் ஒப்புதல் எண்ணையே கேட்டால், அந்த எண் கேனில் இருக்க வேண்டும்.

அதற்காக, "எங்க ஷோரூம் ஆயிலை ஊத்தலைன்னா வாரண்டி போச்சு" என்று மிரட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். வெளியே வேலை பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014லேயே 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் சொன்னது. வெளி வேலையால் சேதம் வந்திருந்தால், அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பது அதன் நிலை. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது வேறு கதை. ஆனால் நியாயம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

வாரண்டி புத்தகத்தின் நிபந்தனையை மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள். சில கம்பெனிகள் சர்வீஸே தங்களிடம்தான் என்று எழுதியிருப்பார்கள். வெளியே மாற்றினால் ஜி.எஸ்.டி பில்லில் ஆயிலின் முழுப் பெயர், கிரேடு, வண்டி எண், கிலோமீட்டர் எல்லாம் எழுதி வாங்குங்கள். கேனின் பின்பக்கத்தை, பேட்ச் எண் தெரிய, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆயில் சரியில்லை என்று சொல்லி கிளெய்மை மறுத்தால், எந்த ஆயிலால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டிவிட்டு வராதீர்கள்.