நாலரை வயதும் அரை டிக்கெட்டும்

"உங்கள் பிள்ளையைக் கடைசியாக இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட நாள் எதுவென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று ஒரு வாசகம் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பின்னணியில் சோகமாக ஒரு வயலின். குடும்பக் குழுவில் சித்தி அனுப்புகிறார், அலுவலகக் குழுவில் மேலாளர் அனுப்புகிறார், எல்லோரும் கீழே கண்ணீர்ப் பொம்மை போடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த நாள் தெரியாமல் போனதே நல்லது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கேக் வாங்கி, பலூன் கட்டி, போட்டோ எடுத்திருப்போம். பிள்ளை நடுவில் "இறக்கி விடு" என்று கத்திக்கொண்டிருக்கும்.

வருத்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. பள்ளிக்கூட வாசல் கண்ணில் படும் தூரம் வந்ததும் மகன் என் கையை உருவிக்கொள்கிறான். சும்மா உருவுவதில்லை, தோள்பையைச் சரி செய்வதுபோல ஒரு பாவனை. அப்பா மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நடிப்பு. அது புரிகிறபோது பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றை என்னவோ செய்யவும் செய்கிறது. ஆனால் இந்த வருத்தத்துக்கு வயலின் வாசிக்கும் முன்னால், இது நமக்கு எப்படி வாய்த்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் கட்சி.

என் பெரியப்பாவின் பெயர் பிச்சையா. அவருக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததும் மூக்குக் குத்தி, அந்தப் பெயரை வைத்தார்கள். கேட்டு வாங்கிய பிச்சை இது, பெரிய செல்வமில்லை, நீ விட்டுவிட்டுப் போ என்று எமனுக்குச் சொல்கிற தந்திரம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிச்சம்மாள், மூக்கையா, மூக்கம்மாள், குப்பம்மாள் என்று ஒரு தலைமுறையே இருந்தது. அந்தப் பெயர்கள் பலவற்றின் பின்னால் தொட்டிலோடு போன ஓர் அண்ணனோ அக்காவோ உண்டு. 1971-இல்கூட இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. பெரியப்பாவைப் பெற்ற என் ஆச்சி பிள்ளை பெற்றதோ 1971-க்கும் வெகுகாலம் முன்னால்.

அவளிடம் போய், "பிள்ளை இவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டானே, கஷ்டமாக இல்லையா ஆச்சி?" என்று கேட்டிருந்தால் முறத்தைத் தூக்கியிருப்பாள். குப்புற விழுந்தான், அப்பாடா. பல் முளைத்தது, அப்பாடா. அம்மை வந்து இறங்கிவிட்டது, அப்பாடா. பிள்ளை வளர்ந்தால் பிழைத்தான் என்று அர்த்தம். அதில் ஏங்குவதற்கு அவளுக்கு எங்கே நேரம்?

தெய்வத்தையோ பெரியவர்களையோ குழந்தையாக வைத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கிறது. பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. பிள்ளையைக் கொஞ்சுவதற்கு முன்னால், இதைக் காப்பாற்றுங்கள் என்று தெய்வங்களை வரிசையாக வேண்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தலையசைத்து ஆடும் செங்கீரை, தாலாட்டும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம். இதுவரை பிள்ளை பாயிலும் தொட்டிலிலும் மடியிலுமாகக் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. அடுத்தது வருகை. குழந்தை தளர்நடை போட, தாய் "வா, வா" என்கிறாள். தள்ளி நின்றால்தானே கூப்பிட முடியும்? பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குப் படுகிறது. அம்புலியில் நிலாவை விளையாட அழைத்த பிறகு, கடைசி மூன்று பருவங்களில் ஆண்பிள்ளை தெருவுக்கே போய்விடுகிறான். சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் கலைக்கிறான், பறை கொட்டுகிறான், தேர் உருட்டுகிறான். பெண்பிள்ளை அம்மானைக்கும் நீராட்டுக்கும் ஊசலுக்கும் போய்விடுகிறாள். நான் படித்த வரையில் எந்தப் பருவத்திலும் "போன பருவம் போயிற்றே" என்ற புலம்பல் இல்லை. அடுத்ததை ஆடு, ஆடு என்றுதான் அவசரப்படுத்துகிறார்கள்.

இன்றைக்குக் காப்புப் பருவத்தைத் தடுப்பூசி அட்டை பார்த்துக்கொள்கிறது. பிறந்த உடனே, பிறகு 6, 10, 14 வாரங்களில், 9-ஆம் மாதத்தில், ஒன்றரை வயதில் என்று தொடக்கத்தில் நெருக்கி நெருக்கி வருகிற தேதிகள், போகப்போக விலகிக்கொண்டே போகின்றன. மகளுக்கு ஐந்து வயது ஊசி போட்ட அன்று, செவிலியர் அட்டையைத் திருப்பித் தந்து, "இனிமேல் பத்து வயதில் வந்தால் போதும்" என்றார். வெளியே வந்ததும் என் மனைவி, "இனி நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது" என்றாள். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகத் தாய்மார்கள் கேட்க ஏங்கிய செய்தி அது. நாங்கள் இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்காக நின்றோம்!

பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால் கதையே வேறு. அரசுப் பஸ்ஸில் மூன்று வயது வரை இருந்த இலவசத்தை 2022-இல் ஐந்து வயது வரைக்கும் நீட்டினார்கள். ஐந்தைத் தாண்டினால் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். சமீபத்தில் தென்காசி பஸ்ஸில் போகும்போது நடத்துநர் மகளைக் காட்டி வயது கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, "பச்சைப்பிள்ளை ஐயா, நாலரைதான் ஆகிறது" என்றார். அம்மாவின் கணக்கில் அது பொய் ஆகாது. பஸ்ஸில் வயது குறைப்பதைப் பாவத்தில் சேர்க்காத தலைமுறை. மகள் இருக்கையின் மேல் ஏறி நின்றாள். "எனக்கு ஐந்து முடிந்துவிட்டது. நாலரை எல்லாம் அப்போது!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பாவூர்ச்சத்திரத்துக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்துக்கொண்டே அரை டிக்கெட்டைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். அம்மா ஆலங்குளம் தாண்டும் வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சீட்டை மகள் யாரிடமும் தரவில்லை. அவளுக்கு அது பதவி உயர்வு உத்தரவு.

நாலரை என்று அரையைச் சேர்த்துச் சொல்வது இந்த வயதில் மட்டும்தான். நாற்பத்திரண்டரை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறொன்று. மூன்று மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவுகள் பெரும்பாலும் யாருக்கும் மிஞ்சுவதில்லை. நாம் எவற்றுக்காகத் தூக்கம் கெட்டோமோ, எவற்றை நினைத்து இன்று உருகுகிறோமோ, அவை பிள்ளையின் கணக்கிலேயே இருக்காது. மகள் ஒன்றரை வயதில் மொட்டை போட்டபோது எடுத்த வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பா ஏன் இப்படி அழுகிறாள்?" என்று கேட்டாள். நீதான் என்றதும் நம்பாமல் பார்த்தாள். என் மடியில் அலறிய அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. இந்த இழப்புக்கு ஆச்சியிடமும் பதில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்காகப் பிள்ளையை வளரவிடாமல் பிடித்து வைப்பதை ஏற்க முடியவில்லை. ழகரம் சரியாக வந்துவிட்ட பிள்ளையிடம், விருந்தாளி வந்ததும், "முன்பு எப்படிச் சொல்வாய், வாயப்பயமா? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்கிறார்கள். அது பாடுபட்டுக் கற்றதை நாமே பிடுங்குகிறோம். எட்டு வயதுப் பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, "என்ன செய்வது, இன்னும் குழந்தை" என்று பெருமூச்சு விடுகிற வீடுகளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏக்கம் நம்முடையது. அதற்கு அவன் ஏன் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும்?

எங்கள் அம்மா காலத்தில் பாவாடை தைக்கக் கொடுக்கும்போதே, "வளர்கிற பிள்ளை, டக் வைத்துத் தையுங்கள்" என்பார்கள். மடித்துத் தைத்த அந்த டக்குகளில் வருடத்துக்கு ஒன்றைப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் புதுநிறத்தில் பட்டையாகத் தெரியும். அக்கா அதை மறைக்கவெல்லாம் மாட்டாள். உயர்ந்துவிட்டேன் என்று காட்டிக்கொண்டு திரிவாள். இப்போது பள்ளியிலேயே விற்கிற ரெடிமேட் சீருடையில் மடித்துத் தைக்க ஒரு விரற்கடை துணிகூட விடுவதில்லை. ஜூன் பிறந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் விலைக்கு. அந்தப் புகாருக்குத் தனிப் பதிவு வேண்டும்.