கிராகியும் கிராக்கியும்

(காலை ஆறு மணி. ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் பால் பாத்திரத்தோடு வாசலில். பால்காரர் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடுகிறார்.)

டீச்சர்: அரை லிட்டர் போதும்ப்பா. ராத்திரி பூரா கரண்ட் இல்ல, தூக்கமும் இல்ல. எழுந்ததுலேர்ந்து ஒரே கிராகியா இருக்கு.

பால்காரர்: கிராக்கியா? நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் டீச்சர். தவிடு, புண்ணாக்கு எல்லாம் ஏறிப்போச்சு. லிட்டருக்கு ஒரு ரெண்டு ரூவா...

டீச்சர்: அட, பாலுக்குக் கிராக்கின்னா சொன்னேன்? கிராகி. இங்கிலீஷு. தலை கிர்ருங்கும், கால் தரையில பாவாது, அது. க்ராக்னு ஒரு சரக்கோட பேர்லேர்ந்து வந்த வார்த்தை.

பால்காரர்: கிராக்கா? எங்க சித்தப்பாவ ஊரே அப்படித்தான் கூப்பிடுது.

டீச்சர்: அது வேற கிராக்கு. இது ரம்முல தண்ணி கலந்தது.

பால்காரர்: (கேனைக் கீழே வைத்துவிட்டு) தண்ணியில தண்ணி கலந்தா அதுக்குத் தனிப் பேரா!

டீச்சர்: எட்வர்ட் வெர்னன்னு இங்கிலாந்து கடற்படை அட்மிரல். கப்பல்ல ஆளுக்குத் தினம் அரை பைண்ட் ரம் படியளப்பாங்க, கால் லிட்டர்னு வெச்சுக்கோயேன். ஒரே மடக்குல ஊத்திக்கிட்டு அங்கங்க உருண்டு கிடந்தானுங்க. 1740ல அவர் போட்டார் உத்தரவு: ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணி, அதையும் ரெண்டு வேளையாப் பிரிச்சுக் குடு.

பால்காரர்: ஒண்ணுக்கு நாலா! மனசாட்சி வேணாம்? நாங்கல்லாம் காலே அரைக்காலுக்கு மேல போறதில்ல.

டீச்சர்: எதுல?

பால்காரர்: ...தவிட்டுல டீச்சர். மாட்டுக்குத் தவிடு கரைக்கிறதுல. நீங்க மேல சொல்லுங்க. அந்தப் பேரு எப்படி வந்துச்சு?

டீச்சர்: அவர் போட்டிருந்த கோட்டுத் துணிக்கு க்ராக்ரம்னு பேரு. பட்டும் கம்பளியும் கலந்து நெய்யுற முரட்டுத் துணி. அதனால மாலுமிங்க அவருக்கு ‘கிழட்டு க்ராக்’னு பட்டப்பேரு வெச்சிருந்தானுங்க. அவர் கலக்கச் சொன்ன சரக்குக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு.

பால்காரர்: துணியிலயும் கலப்படமா? பொறவியிலயே ராசியான மனுசன் போல.

டீச்சர்: இப்ப ஆஸ்திரேலியாவுல எந்தச் சரக்கையும் க்ராக்குனுதான் சொல்றாங்க. பிஜித் தீவுல பாரு, ஒரு வேரை இடிச்சுத் தண்ணியில கரைச்சுக் குடிப்பாங்க. சொட்டுச் சாராயம் கிடையாது. அதுவும் க்ராக்குதான்.

பால்காரர்: வேர்ல கலந்தாலும் பேரு, ரம்முல கலந்தாலும் பேரு. பால்ல கலந்தா மட்டும் கேஸு.

டீச்சர்: 1970 ஜூலை 31ல அந்த ரம் படியை ஒரேயடியா நிறுத்தினாங்க. அன்னிக்குச் சில மாலுமிங்க கையில கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டாங்களாம்.

பால்காரர்: (நெகிழ்ந்து) பாருங்க! இருநூத்து முப்பது வருசம் தண்ணி கலந்து ஊத்தினவங்களுக்கே துக்கம் அனுசரிச்சிருக்காங்க. நான் பொங்கலுக்கு ஒரு நாள் லீவு போட்டா, பாக்கெட் பாலுக்கு மாறிடுவேங்கிறீங்க.

டீச்சர்: இரு, உத்தரவுல இன்னொண்ணும் இருக்கு. தண்ணியைத் திருட்டுத்தனமாக் கலக்கக் கூடாது. கப்பல் மேல்தளத்துல, அதுக்குன்னே வெச்ச பீப்பாயில, எல்லார் கண்ணு முன்னாடியும் கலக்கணும். பக்கத்துல ஒரு அதிகாரி நிக்கணும், ஒருத்தன் ரம்மும் குறையாமப் பார்த்துக்கிறது அவர் வேலை.

பால்காரர்: (கேனைத் தூக்குகிறார்) நேரமாச்சு டீச்சர், நாலாவது தெருவுல காத்துக்கிட்டிருப்பாங்க...

டீச்சர்: நாளைக்கு விடிகாலை உன் மாட்டுக் கொட்டகைக்கே வர்றேன். நாற்காலி மட்டும் போட்டு வை.

பால்காரர்: புது ஆளைப் பார்த்தா மாடு மிரளும் டீச்சர்.

டீச்சர்: மாடுதானா?

பால்காரர்: (மொபெட்டைப் பிடித்துக்கொண்டு) எனக்கே இப்ப லேசா கிராகியாத்தான் வருது டீச்சர்.