பத்தும் பிழைத்தனவா?

"அந்தக் காலத்தில் மருத்துவச்சி கையிலேயே பத்துப் பிள்ளை பெற்றார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டுப் பிரசவத்தை ஆதரித்து எழுதியிருக்கிறீர்கள், ஐயா. பத்துப் பெற்றது உண்மை. பத்தும் பிழைத்தனவா?

நம் உசிலம்பட்டிப் பக்கம் மூக்கன், மூக்கையா, பிச்சை, குப்பம்மாள் என்று ஏன் இத்தனை பெயர்கள்? முந்தைய பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று மூக்குக் குத்தியும் குப்பையில் புரட்டியும் வைத்த பெயர்கள் அவை. பழைய சாலையோரங்களில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது அது.

என் அப்பத்தா ஒன்பது பெற்றார், நான்குதான் தங்கின. ஒன்று ஏழாம் நாள் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து போனதாம். கதிர் அரிவாளால் தொப்புள்கொடி அறுத்துச் சாம்பல் வைத்தார்கள். டெட்டனஸ் கிருமி அப்படித்தான் உள்ளே போகும். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் அதைத் தடுத்திருக்கும்.

தமிழ்நாட்டில் 1971இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 113 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் 13.

மருத்துவச்சிகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதிரப்போக்கு நிற்காதபோது ஏற்றுவதற்கு அவர்களிடம் ரத்தம் ஏது? தேவையில்லாத சிசேரியன் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது, அதைத் தனியாகப் பேசலாம். கர்ப்பிணிகளை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளச் சொல்லும் அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.