வீட்டுப் பழக்கம் வேறு, ஓட்டு வேறு

குடும்பம், படிப்பு, சேமிப்பு என்று வாழ்கிற அமெரிக்க ஆசியர்கள் இயல்பாகவே குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அப்படிச் சுலபமாக முடிச்சுப் போட முடியாது சார். 1992-இல் ஆசியர்களின் ஓட்டில் பாதிக்கு மேல் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ்ஷுக்கு விழுந்தது. 2012-இல் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு. அந்த இருபது வருடத்தில் யாரும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவதை நிறுத்திவிடவில்லையே!

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் எதிர்வீட்டு வியட்நாம் பெரியவர் வாசலில் இன்றும் மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு போட்ட பழைய தென் வியட்நாம் கொடிதான். 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தபோது நாட்டை விட்டு வந்தவர். கம்யூனிசத்தை யார் உரக்கத் திட்டுகிறார்களோ அவர்களுக்கே அவர் ஓட்டு. 1999-இல் அதே மாநிலத்தில், வியட்நாமியர் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் ஒரு வீடியோ கடைக்காரர் வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் படத்தை மாட்டியதற்காக ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் கடை முன் திரண்டார்கள். அந்தக் கோபத்தைக் குடும்பப் பற்று என்றா கணக்கெழுதுவது? எதிர்வீட்டுப் பெரியவருடைய மகள் ஜனநாயகக் கட்சி. அப்பா கொடியை மாற்றும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வது அவள்தான்.

படிப்புக்காக ஓட்டு மாறுவதும் உண்டு, சரி. சான் பிரான்சிஸ்கோவில் லோவெல் என்ற பெயர்பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் வழிச் சேர்க்கையைக் கைவிட்டுக் குலுக்கல் கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரியில் கல்வி வாரிய உறுப்பினர் மூவர், பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பதவியிழந்தார்கள். அதில் சீனப் பெற்றோர் முன்னால் நின்றார்கள். ஆனால் அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை, மறுபடியும் அந்தக் கட்சிக்காரர்களையே தேர்ந்தெடுக்கிற ஊர்.