‘ஹேவ்’ல கடைசி ‘இ’ எதுக்குன்னு கேட்டா

பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கறத பத்தி வந்த கட்டுரைல, பத்து தடவ எழுத வெச்சு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, சத்தத்துல இருந்து ஆரம்பிங்கன்னு சொன்னது ரொம்ப சரி. நானும் காஸ்ட்லியா ஒரு ஃபோனிக்ஸ் கிட் (எழுத்த அதோட சத்தத்த வெச்சு சொல்லிக் குடுக்கறது) வாங்கி பாதி கூட பிரிக்காம பரண்ல போட்டவதான், அப்புறம் பழைய நோட்டு, பென்சில், அட்டைய வெட்டி எழுதின 26 எழுத்து, அவ்ளோதான் செலவு. எழுத்து 26 ஆனா சத்தம் சுமாரா 44, பாவம் பிள்ளைங்க குழம்பாம என்ன பண்ணும்!

குட்டி உயிர் சத்தத்த ஒட்டி கடைசில ‘க்’ வந்தா சி, கே ரெண்டும் போடணும், டக் (duck), பேக் (back), சாக் (sock) மாதிரி, நடுவுல இன்னொரு மெய் சத்தம் வந்துட்டா கே மட்டும், மில்க், டெஸ்க். இத ஒண்ணு சொன்னதுக்கே பாதி தப்பு குறைஞ்சுது. என் பொண்ணு ‘ஹேவ்’ (have) எழுதறப்போ கடைசி ‘இ’ய விட்டுட்டே இருப்பா, சத்தமே வரல அப்புறம் எதுக்கு எழுதணும்னு ஒரே சண்ட. இங்கிலீஷ் வார்த்த அநேகமா ‘வி’ல முடியாதும்மா, அது விழாம இருக்க ‘இ’ய முட்டுக் குடுத்திருக்காங்கன்னு சொன்னேன், சிரிச்சிட்டா, கிவ், லிவ், லவ் எல்லாம் அப்புறம் அவளே கரெக்டா எழுதினா.

அந்தக் கட்டுரைல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன், எல்லா ரூலையும் முதல் மாசமே சொல்லிக் குடுக்கணும்கிறது. வாரத்துக்கு ஒண்ணு போதுங்க. ‘செட்’ (said), ‘வாஸ்’ (was) மாதிரி எதுக்கும் அடங்காத வார்த்தைங்கள ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன், வரப்போக கண்ணுல படட்டும்னு.